முப்பதடி ஆழத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு எங்கே போகப் போகிறீர்கள் என்று மகள் சுவேதா கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டாள். என்ன கேட்டாலும் தன்னுடைய பரிசு என்றும் சொன்னாள். அருள்முருகன் ஊட்டி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லோகநாயகி, "ஸ்கூபா" என்றாள்.

"இன்னாது?" என்றார் அருள்முருகன்.

"கடலுக்கு அடியில போயி மீன் பாக்கறது. நம்ம ஆபீஸ் ஜான்சி போயிட்டு வந்தா."

போனின் அந்தப் பக்கத்தில் சுவேதா கத்திய சந்தோஷக் கூச்சலில், அருள்முருகன் ஊட்டி என்று நினைத்தது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

லோகநாயகிக்குச் சிதம்பரத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. முகூர்த்த நாளென்றால் காலை ஒன்பதரைக்கே வாசல் வரைக்கும் ஆள் நிற்கும். டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரல், சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களின் பேச்சு, அண்ணன் தம்பிச் சண்டை, கைக்குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்து சாயந்திரம் வரைக்கும் காதுக்குள் ஓடும். பதினாலு வருஷமாக அதற்குள் உட்கார்ந்திருந்தவளிடம், பக்கத்து நாற்காலி ஜான்சி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "அக்கா, அரை மணி நேரம் என் மூச்சு சத்தத்தத் தவிர ஒன்னுமே காதுல விழல." மீனைப் பற்றியும் ஜான்சி நிறையச் சொன்னாள்தான். லோகநாயகியின் மனசில் நின்றது அந்த ஒரு வரிதான்.

அருள்முருகனுக்கு வேலை குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில். சேஃப்டி ஆபீஸர். வீட்டிலும் அவர் சேஃப்டி ஆபீஸர்தான். கேஸ் டியூபில் அச்சடித்திருக்கிற தேதியை மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவசர வழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். கம்பெனியில் மாசம் ரெண்டு தடவை, முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாக ஆட்களை நிற்க வைத்து, புகைக்குள் எப்படி மூச்சு விடுவது என்று பயிற்சி கொடுப்பார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அதை நிஜத்துக்கு மாட்ட வேண்டி வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று பெருமையாகச் சொல்வார்.

"மாசம் ரெண்டு தடவ சிலிண்டர் கட்டிக்கிட்டு மூச்சு விடறவன், லீவு நாள்லயும் சிலிண்டர் கட்டிக்கவா?" என்றார்.

"நீங்க கட்டிக்கிறீங்க. நான் ஒரு தடவகூட கட்டினதில்லயே" என்றாள் லோகநாயகி.

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கம்பெனியில் எழுதுவதுபோலவே என்னென்ன ஆபத்து வரலாம் என்று வரிசையாக எழுதினார். பதினாலு வந்தது. பிறகு அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூபாக்காரர்களுக்குப் போன் போட்டார். புதுச்சேரியிலிருந்து ரெண்டு பேர் வந்து கடலூர் துறைமுகத்திலிருந்து படகு விட ஆரம்பித்திருந்தார்கள். அனுப்பிரியா, அன்பரசு. ரெண்டு பேருமே பயிற்சியாளர்கள். போனை எடுத்தது அனுப்பிரியா.

"சிலிண்டருக்குக் கடைசியா பிரஷர் டெஸ்ட் எப்ப பண்ணீங்க?"

அவள் தேதி சொன்னாள்.

"காத்து அடைக்கிற கம்ப்ரஸர் எங்க வச்சிருக்கீங்க? வண்டிப் புகை, ஜெனரேட்டர் புகை உள்ள இழுக்குமா?"

"மாடியில இருக்கு சார். காத்து வர்ற பக்கம் பாத்துதான் பைப்ப விட்டுருக்கோம்."

"படகுல ஆக்சிஜன்?"

"இருக்கு சார். ரெண்டு பேருமே கொடுக்கத் தெரிஞ்சவுங்க."

இப்படியே அரை மணி நேரம் போனது. பதினாலும் முடிந்தபோது அனுப்பிரியா, "சார், நீங்க டைவிங் வர்றீங்களா, இல்ல எங்கள இன்ஸ்பெக்ஷன் பண்றீங்களா?" என்று கேட்டாள். அருள்முருகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, "விஷயம் தெரிஞ்ச பொண்ணு" என்றார். லோகநாயகிக்கு அது போதுமானதாக இருந்தது.

டாக்டரிடம் காது, மூச்சு, பிரஷர் எல்லாம் பார்த்துச் சீட்டு வாங்கினார்கள். அடுத்த ஞாயிறு நீச்சல் குளத்தில் பயிற்சி. கழுத்தளவுத் தண்ணீரில் நிற்க வைத்து, மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, மெதுவாகத் தலையை உள்ளே விடச் சொன்னாள் அனுப்பிரியா. அருள்முருகன் உள்ளே போய் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். சீரான குமிழி மேலே வந்துகொண்டே இருந்தது.

லோகநாயகிக்கும் முதலில் ஒன்றும் கஷ்டமில்லை. கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீரை வேண்டுமென்றே விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும் என்ற இடம் வந்ததும்தான் எல்லாம் தப்பாகிப்போனது. தண்ணீர் மூக்கைத் தொட்ட உடனே உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. கையைக் காலை உதறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். மூன்று தடவை முயற்சி செய்தாள். மூன்று தடவையும் எழுந்துவிட்டாள்.

கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் அனுப்பிரியா மறைக்காமல் சொன்னாள். "ரெண்டு வழி இருக்கு மேடம். கரைக்குப் பக்கத்துலயே இறக்கலாம். பயம் கம்மி. ஆனா தண்ணி கலங்கலா இருக்கும், பெருசா ஒன்னும் தெரியாது. நீங்க நெனச்சு வந்தது தெரியணும்னா தூரக் கடலுக்குப் போவணும். முக்கால் மணி நேரம் படகு. அங்க கல்லுப் பார் ஒன்னு இருக்கு, கடலுக்கடியில பாறைத் திட்டு, முப்பது அடி ஆழம். கண்ணாடியில தண்ணி வந்தா ஊதத் தெரியாம அங்க கூட்டிட்டுப் போவ மாட்டேன். ரெண்டு வாரம் டைம் இருக்கு. யோசிங்க."

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அதைப் பற்றிப் பேசினார்கள். ரெண்டு பேரும் கடலூரிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் கிளம்புவார்கள். குடிகாட்டில் அவர் இறங்கிக்கொள்வார், அவள் சிதம்பரம் வரைக்கும் போவாள்.

"போக வர ஒன்னரை மணி நேரம் படகு. தண்ணிக்குள்ள அரை மணி நேரம். அதுக்கு இவ்ளோ பயம், இவ்ளோ ஏற்பாடு. எனக்கென்னவோ சரியா வரல லோகா. குளத்தோட நிறுத்திக்கலாம்."

லோகநாயகி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தினம் மூணு மணி நேரம் பஸ்ல போயி வர்றேன். அது சரியா வருதான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

குடிகாடு வந்தது. இறங்குவதற்கு முன்னால், "மாஸ்க் ஒன்னு வாங்கிட்டு வரேன்" என்றார்.

அன்று சாயந்திரமே வாங்கி வந்தார். துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, பின்பக்கத்தில் வைத்தார். லோகநாயகி மண்டி போட்டு உட்கார்ந்து முகத்தை உள்ளே விடுவாள். வாயில் ஒரு சின்னக் குழாய். அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாடியின் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்குவார். தண்ணீர் உள்ளே போகும். அவள் துள்ளி எழுந்துவிடுவாள்.

நாலு நாள் இப்படியே போனது. அஞ்சாவது நாள் அவர் வேறு மாதிரி யோசித்தார். கம்பெனியில் புதிதாக வருகிற ஆட்கள் மாஸ்க்கைப் போட்டதும் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பார்கள், விடுவதற்கு மறந்துபோவார்கள். அதனால்தான் திணறும். "நீ இழுக்கறதப் பத்தி யோசிக்காத. அது தானா வரும். வுடறத மட்டும் யோசி. மெதுவா, சூடான டீய ஊதற மாதிரி. மூக்கால" என்றார்.

அவள் டீயை நினைத்துக்கொண்டு ஊதினாள். கண்ணாடிக்குள் இருந்த தண்ணீர் கீழ்ப்பக்கமாகப் பொசுக்கென்று வெளியே போனது. முகத்தை எடுக்காமல், டப்புக்குள்ளிருந்தே கையைத் தூக்கி அவர் முழங்காலில் அடித்தாள். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை செய்தாள். அடுத்த ஞாயிறு குளத்தில் அனுப்பிரியா முன்னால் செய்து காட்டியபோது, "வீட்டுல குளம் கட்டிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள் அவள்.

மார்ச் முதல் ஞாயிறு. காலை ஆறரைக்குத் துறைமுகத்தில் படகு ஏறினார்கள். அனுப்பிரியாவும் அன்பரசுவும் சிலிண்டர்களை அடுக்கிக் கட்ட, அருள்முருகன் ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தார். படகோட்டி ஆண்டிக்கு அறுபது வயசிருக்கும். முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது படகு ரெண்டு தடவை எழும்பி விழுந்தது. பிறகு சமமாகிவிட்டது.

சமமாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அருள்முருகனுக்கு இருபதாவது நிமிஷத்தில் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. முந்தின நாளே மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தாள் அனுப்பிரியா. கடலூரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு எதற்கு மாத்திரை என்று அவர் போடவில்லை. முப்பதாவது நிமிஷத்தில் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பதினாலு ஆபத்து எழுதியவர் இந்த ஒன்றை எழுதாமல் விட்டிருந்தார்.

லோகநாயகிக்கு ஒன்றும் செய்யவில்லை. பதினாலு வருஷமாகப் பள்ளம் மேடு பார்க்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த உடம்பு அது. ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இன்னொரு கையால் பிஸ்கட் சாப்பிட்டாள்.

"தூரமா ஒரே எடத்தப் பாருங்க சார். கரையப் பாருங்க" என்றார் ஆண்டி.

அருள்முருகன் மேற்கே பார்த்தார். கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் தெற்குப் பக்கத்தில் மெல்லிசாகச் சில புகைபோக்கிகள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் கம்பெனி இருக்கிற பக்கம் என்று அவருக்குப் புரிந்தது. பத்தொன்பது வருஷம் போய் வந்த இடத்தை முதல் தடவையாகக் கடல் பக்கத்திலிருந்து பார்க்கிறார். தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. "அங்கதான் லோகா நான்..." என்று ஆரம்பித்தவர் மறுபடியும் ஓரத்துக்குக் குனிந்தார்.

நங்கூரம் போட்டதும் படகு இன்னும் ஜாஸ்தியாக ஆடியது. "என்னால ஆவாது. நீ போயிட்டு வா" என்றார்.

லோகநாயகி இதை எதிர்பார்க்கவில்லை. டப்பில் முகத்தை விட்ட நாளிலிருந்து, தண்ணீருக்குள் அவர் பக்கத்தில் இருப்பார் என்று நினைத்துத்தான் தைரியம் வைத்திருந்தாள். அவரில்லாமல் போவதா, ரெண்டு பேருமே திரும்பிவிடுவதா? அவர் முகத்தைப் பார்த்தாள். வெளிறிப்போயிருந்தது. ஆனால் அவர் விரல் அவளுடைய சிலிண்டர் மீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஃபுல்லா இருக்கு. வுடறத மட்டும் யோசி" என்றார்.

"சரி, போறேன்" என்றாள்.

அனுப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொள்ள, நங்கூரக் கயிற்றை ஒட்டியே இறங்கினார்கள். காது அடைத்தபோது மூக்கைப் பிடித்து ஊதினாள், திறந்துகொண்டது. தண்ணீர் பச்சையாக இருந்தது. ஜான்சி போனில் காட்டிய படங்களில் இருந்த நீலம் எங்கேயும் இல்லை. பாதி பஸ் நீளத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இதற்குத்தானா என்று ஒரு கணம் தோன்றியது.

அப்புறம் கீழே பார் தெரிந்தது. பாறையெல்லாம் ஏதேதோ ஒட்டி வளர்ந்து, பழுப்பும் ஊதாவுமாகச் சொரசொரப்பாக இருந்தது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் நூறு இருநூறு ஒரே பக்கம் முகம் வைத்து நின்றன. அவள் போனதும் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டு மறுபடியும் சேர்ந்துகொண்டன. ஒரு பொந்திலிருந்து சிங்கி இறால் ரெண்டு நீள மீசையை நீட்டி ஆட்டியது. அதற்குப் பக்கத்தில் ஒரு களவா மீன். மார்க்கெட்டில் களவாவை அவள் நூறு தடவை விலை பேசியிருக்கிறாள். அதன் கண் அசையும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அது அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பிப் பொந்துக்குள் போனது.

அவளுடைய மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது குமிழிச் சத்தம். வேறு யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. யாருடைய நம்பரும் கூப்பிடப்படவில்லை.

கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. உடனே டீயை நினைத்துக்கொண்டாள், ஊதினாள், போய்விட்டது. அனுப்பிரியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். லோகநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூப்பர் என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அனுப்பிரியா தலையாட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே கூட்டிக்கொண்டு போனாள். லோகநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவுதானா, அரை மணி நேரம் ஆகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டே கூடப் போனாள்.

தலை வெளியே வந்ததும் அனுப்பிரியா, "என்னாச்சு மேடம்? மூச்சு முட்டுதா?" என்று பதறினாள்.

"இல்லயே. நல்லா இருந்துச்சே!"

"அப்புறம் ஏன் மேல போவணும்னு காட்டினீங்க?"

"நான் எங்க காட்டினேன்? சூப்பர்னு..." சொல்லும்போதே லோகநாயகிக்குக் குளத்தில் படித்த பாடம் ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீருக்குள் கட்டை விரலைத் தூக்கினால் மேலே போகலாம் என்று அர்த்தம். நல்லா இருக்கிறது என்றால் விரலை வளையமாக்க வேண்டும். பதினைஞ்சு நாளாக மனப்பாடம் செய்ததைக் களவா ஒரே பார்வையில் மறக்கடித்துவிட்டது.

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அனுப்பிரியாவும் சிரித்தாள். படகிலிருந்து அன்பரசு என்ன ஏது என்று கேட்டு, அவனும் சிரித்தான். லோகநாயகி அப்படி வாய்விட்டுச் சிரித்து அருள்முருகன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா லோகா, இன்னா இருக்கு கீழ?"

"களவா இருக்கு. வாங்க."

"சார், படகுலதான் ஆடும். தண்ணியில எறங்குனா பாதிப் பேருக்குச் சரியாப் போயிடும்" என்றான் அன்பரசு. "முதல்ல சும்மா எறங்கி மிதந்து பாருங்க. சரியாவலன்னா ஏறிக்கலாம். யாரும் தள்ள மாட்டோம்."

அருள்முருகன் யோசித்தார். பிறகு மிதவை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் நெற்றியில் இருந்த வேர்வை போனது. பத்து நிமிஷம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி மிதந்தார். வாயில் ஊறிய எச்சில் நின்றது. கண்ணைத் திறந்து அன்பரசுவிடம், "என் சிலிண்டர எடுங்க. மீட்டர என்கிட்ட காட்டிட்டு மாட்டுங்க" என்றார்.

லோகநாயகியின் சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருந்தது. மறுபடியும் இறங்கினார்கள். அவளோடு அனுப்பிரியா, அவரோடு அன்பரசு.

கீழே போனதும் அருள்முருகன் மீனைப் பார்க்கவில்லை. மணலுக்கு ஒரு அடி மேலே அசையாமல் நின்று, மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானதுதான். ஆனால் இதுவரைக்கும் இந்தச் சத்தத்தோடு எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது, ஒரு சைரன் இருந்தது, யாராவது புகைக்குள் விழுந்து கிடப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. சும்மா மூச்சு விடுவதற்காக மூச்சு விடுவது இதுதான் முதல் தடவை. யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

லோகநாயகி அவர் தோளைத் தொட்டாள். பொந்தைக் காட்டினாள். களவா வெளியே வந்து நின்றது. ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்தார். கல்யாணமான புதிதில் சில்வர் பீச்சில் பிடித்தது. அப்புறம் நாலு பேர் பார்க்கப் பிடித்ததில்லை. இங்கே பார்த்தது ரெண்டு பயிற்சியாளர்களும் இருநூறு மீனும்தான்.

இருபத்திரண்டு நிமிஷம் கீழே இருந்தார்கள். திரும்பி வரும்போது படகில் அவர் மறுபடியும் ஒரு தடவை வாந்தி எடுத்தார். கரையேறி முக்கால் மணி நேரத்தில் முதுநகரில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து ஒன்பது இட்லி சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு குறிஞ்சிப்பாடியில் லோகநாயகியின் தம்பி திருநாவுக்கரசு வீட்டில் சாப்பாடு. இலையில் சோறு விழுவதற்கு முன்னாலேயே திருநாவுக்கரசு ஆரம்பித்துவிட்டான். "மாமா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. அவ்ளோ தூரம் கடல்ல போறது வொர்த்தா, இல்லியா?"

அருள்முருகன் நியாயமாகப் பதில் சொல்ல நினைத்தார். "மச்சான், மூணு தடவ வாந்தி எடுத்தேன். தண்ணி நீலமா இல்ல. இருபதடிக்கு மேல ஒன்னும் தெரியல. படத்துல பாக்கற மாதிரி இருக்கும்னு போனா ஏமாந்துடுவ. கரையோரமாவோ குளத்துலயோ நிறுத்திக்கறவன தப்பு சொல்ல மாட்டேன்."

"அப்ப வேணான்றீங்க."

"நான் எங்க வேணான்னேன்? அடுத்த மாசம் நாங்க மறுபடியும் போறோம். இந்தத் தடவ மாத்திரைய ராத்திரியே போட்டுப்பேன்."

திருநாவுக்கரசு குழம்பிப்போய் அக்காவைப் பார்த்தான். லோகநாயகி கத்தரிக்காய்ப் பொரியலைப் போட்டுக்கொண்டே, "உனக்கு எப்படியோ தெரியாது தம்பி. எனக்கு வேணும்" என்றாள்.

ரசம் எடுத்து வந்த திருநாவுக்கரசின் மனைவி புஷ்பவள்ளி, இவ்வளவு நேரமும் எதுவும் பேசாதவள், அண்ணி பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, நான் சோடாபுட்டிக் கண்ணாடி. கழட்டிட்டா எதுக்க நிக்கறது ஆளா ஆடான்னே தெரியாது. எனக்கு அங்க மீனு தெரியுமா?"

லோகநாயகி கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்போதே அனுப்பிரியாவுக்குப் போன் போட்டாள். பவர் வைத்த மாஸ்க் இருக்கிறது, நம்பரைச் சொன்னால் எடுத்து வைக்கிறேன் என்றாள் அவள். புஷ்பவள்ளி உள்ளே போய், பீரோவில் இருந்த கண்ணாடிக் கடைச் சீட்டைத் தேடி எடுத்து வந்தாள். வலது கண், இடது கண் என்று ஒவ்வொரு நம்பராகத் தானே படித்துச் சொன்னாள். திருநாவுக்கரசு ரசத்துக்குக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். அவனைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.